பூனை மீனில்லை

டிரைஃபீனாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. டீக்குத் தண்ணீர் வைத்தாள். கொதித்ததும் அணைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். துறையில் தம்பியின் படகு கட்டிப் போட்ட இடத்தில்தான் கிடந்தது. உள்ளே வந்து மறுபடி தண்ணீர் வைத்தாள். எங்கள் ஊர் ஷோல் டிக்கிளில் அவளைக் காலில் சக்கரம் கட்டியவள் என்பார்கள். அன்றைக்கு அந்தச் சக்கரத்துக்கு எஞ்சினும் சேர்ந்துவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. மத்தியானம் லாட்ஜ் ஹாலில், அதாவது ஊர்ப் புராட்டஸ்டண்ட் சங்கத்தின் கூடத்தில், கூட்டம். மீன்வள அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறது. பூனைப் பாரில் இழுவைக் கப்பல் விடலாமா வேண்டாமா என்று பேசப் போகிறார்களாம். ஊருக்கு வடகிழக்கே கடலுக்கு அடியில் கிடக்கிற பாறைத் திட்டு அது. வெளியூர்க் கம்பெனி ஒன்று அங்கே டர்பட் பிடிக்க அனுமதி கேட்டிருக்கிறது. இழுவைமடி என்றால் என்னவென்று எங்கள் கரையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு இரும்புக் கதவு, வரிசையாக இரும்புக் குண்டு, பின்னால் வலை. போகிற வழியில் பாறை இருந்தால் பாறையும் புரளும். நியூஃபவுண்ட்லாந்தில் மீன் எப்படி அழிந்தது என்று கேட்டால் தொட்டில் குழந்தைகூட அதைத்தான் கைகாட்டும்.

அந்தப் பார் போனால் கார்லண்ட் போய்விடுவான். டிரைஃபீனாவை உட்கார விடாதது அதுதான். தம்பி கார்லண்ட் தூர மேற்கே ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களில் வருஷக் கணக்கில் லாரி ஓட்டினான். முகாமில் தனியாகத் தின்று, தனியாகத் தூங்கி, ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது பேச்சே குறைந்து போயிருந்தது. "போகாதடா. படகை எடு. உன்கூடக் கடலுக்கு நான் வர்றேன்" என்று அவள்தான் பிடித்து வைத்தாள். அதிலிருந்து இருவரும் பாரில் ஹாலிபட் பிடிக்கிறார்கள். படகு சின்னது, பாரைத் தாண்டி அடுத்த இடத்துக்குப் போய்வர அதற்குத் தெம்பில்லை. பாரை விட்டால் அவனுக்கு மறுபடி ஆல்பர்ட்டாதான்.

ஹாலில் கூட்டம் நிரம்பி இருந்தது. வந்திருந்த பெண் தெற்குக் கரைக்காரி, முப்பது வயது இருக்கும், பெயர் கான்செப்டா. புராட்டஸ்டண்ட் லாட்ஜ் ஹாலில் அப்படி ஒரு கத்தோலிக்கப் பெயர் சொன்னதும் பின்வரிசையில் கிழவர் ஹெட்லி கனைத்தார்.

"எங்க தாத்தா இருந்திருந்தா இந்நேரம் கதவைச் சாத்தியிருப்பாரு, கண்ணு."

"எங்க தாத்தா இருந்திருந்தா நான் வாசப்படியே மிதிச்சிருக்க மாட்டேன், ஸ்கிப்பர்" என்றாள் அவள், படகுக்காரர்களுக்கு எங்கள் கரையில் கொடுக்கிற மரியாதையோடு. ஹால் சிரித்தது. பரவாயில்லை, நம்ம ஊர் வாய்தான் என்று டிரைஃபீனா நினைத்துக்கொண்டாள்.

சிரிப்பு அதோடு சரி. கான்செப்டா சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை.

"கம்பெனி கேட்டதை மறுக்க எங்ககிட்ட ஒரு காரணமும் இல்லைங்க. அழியற நிலையில இருக்கிற மீன் ஏதாவது அங்க இருந்தா இழுவையை நிறுத்தலாம். ஆனா அந்தப் பார்ல ஓநாய்மீன் ஒண்ணுகூட இருக்கறதாத் தகவல் இல்ல."

"ஓநாயா? கடல்ல ஏதும்மா ஓநாய்?" என்றார் ஹெட்லி.

அவள் சுவரில் ஒரு படத்தைப் போட்டாள். உருண்டைத் தலை, முன்னால் துருத்தின கோரைப்பல், விலாங்கு போல நீண்ட உடம்பு. ஹால் மொத்தமும் ஒரே குரலில் கத்தியது.

"அட, பூனை!"

"இதுங்க தொல்லை தாங்காமத்தானே கெடக்கோம்! பாருக்குப் பேரே பூனைப் பார்தானே!"

கான்செப்டா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "பின்ன ஏங்க சொல்லல? ஒவ்வொரு தடவையும் நீங்க கரைக்கு வர்றதுக்கு முன்னாடி போன்ல கேக்கறாங்கல்ல, ஹாலிபட் தவிர வேற மீன் ஏதாவது ஏறிச்சான்னு?"

"கேட்டாங்க. இல்லன்னு சொன்னோம்" என்றாள் டிரைஃபீனா. அவர்கள் படகில் போனில் பேசுகிற வேலை அவளுடையது. "மீன் இல்லதானே? மீன்தான் எப்பவோ போயிடுச்சே. பூனை எப்படி மீனாகும்?"

எங்கள் கரையில் மீன் என்றால் காட் என்கிற ஒரே ஜாதிதான். ஹாலிபட்டை ஹாலிபட் என்போம், சால்மனை சால்மன் என்போம். மீன் என்று மொட்டையாகச் சொன்னால் காட் மட்டும்தான். பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். போனை எடுக்கிறவர்கள் ஒன்டாரியோவில் உட்கார்ந்திருப்பவர்கள், அவர்களுக்கு இது எங்கே தெரியும்? 'வேறு மீன்?' 'ஒண்ணும் இல்லம்மா.' அவர்கள் பூஜ்யம் போட்டார்கள். அந்தப் பக்கமும் பொய் இல்லை, இந்தப் பக்கமும் பொய் இல்லை. பூனைகள் நிறைந்த பாரை இத்தனை வருஷமாகக் காலி என்று ஊரே சேர்ந்து எழுதி வைத்திருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

கான்செப்டா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "கடவுளே! எங்கம்மாவும் இப்படித்தான். ராத்திரி சால்மனை வறுத்து வச்சா, 'மீனே வாங்கலையாடி'ன்னு கேப்பாங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முடிவு வெள்ளிக்கிழமை. வாயால் சொன்னால் எடுபடாது, தான் நேரில் பார்த்துப் படம் பிடிக்க வேண்டும் என்றாள் கான்செப்டா. நாளைக்கு யாராவது கூட்டிப் போவீர்களா? கார்லண்ட் கையைத் தூக்கினான். அந்தக் கையில் இரண்டு விரலுக்கு நுனி இல்லை. ஒரு பூனை கடித்துத் துப்பியது.

டிரைஃபீனாவால் உட்கார முடியவில்லை, எழுந்தே நின்றாள். "இரும்மா. பூனை இருக்குன்னு ஆயிட்டா எங்க தூண்டில் என்னாகும்?"

"பூனை அங்க வாழுதுன்னு மட்டும் தெரிஞ்சா இழுவைக்குத்தான் தடை. தூண்டில் போடலாம், மாட்டின பூனையை உயிரோட விட்டுடணும், அவ்வளவுதான்." கான்செப்டா கொஞ்சம் தயங்கினாள். "முட்டை போட்டுக் காக்கிற இடம்னு தெரிஞ்சா கதை வேற. அப்ப எல்லாருக்கும் மூடிடுவாங்க. நூலு, வலை, எதுவும் இறங்கக் கூடாது."

"முட்டையை யாரு பாத்தா?" என்றான் கார்லண்ட்.

"இதுவரைக்கும் இந்தக் கரையில யாரும் பாத்ததில்ல, ஸ்கிப்பர். ஆண் பூனை முட்டையைச் சுத்திப் படுத்துக்கும். இரையே தொடாது. அதனால தூண்டில்லயும் மாட்டாது."

"பட்டினி கெடக்குமா?"

"குஞ்சு வெளிய வர்ற வரைக்கும்."

"என்னைவிடப் பொறுப்பான தகப்பன்" என்றார் ஹெட்லி. அவருக்கு ஏழு பிள்ளைகள்.

மறுநாள் விடியும்போது மூன்று பேரும் கடலில் இருந்தார்கள். அக்டோபர் குளிர், வடகிழக்குக் காற்று, படகு ஒரு நிலையில் நிற்கவில்லை. ஆயிரங்கால் தூண்டிலை, நீளக் கயிறு முழுக்கக் கொக்கி கோத்தது, கூட்டத்துக்கு முந்தின நாளே பாரில் இறக்கி வைத்திருந்தார்கள். வின்ச் கயிற்றை இழுக்க, கொக்கிகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன. டிரைஃபீனா நின்ற இடத்தில் நிற்காமல் கயிற்றைச் சுருட்டினாள், தண்ணீரை எட்டிப் பார்த்தாள், மறுபடி சுருட்டினாள். வெறும் கொக்கி. வெறும் கொக்கி. ஒரு ஹாலிபட். மறுபடி வெறும் கொக்கி.

"வேண்டாங்கறப்ப வந்து உசிரை வாங்கும். வேணுங்கறப்ப ஒண்ணையும் காணோம்" என்று முணுமுணுத்தாள்.

"நீ குதிக்கற குதியில பயந்து ஓடியிருக்கும்" என்றான் கார்லண்ட்.

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் முதல் பூனை வந்தது. கறுப்புப் புள்ளி போட்ட பெரிய பூனை, ஏறும்போதே படகு விளிம்பை நறுக்கென்று கவ்வியது. கான்செப்டா "அய்யோ, என்ன அழகு!" என்று கேமராவைத் தூக்கினாள். கார்லண்டின் கை, அது பாட்டுக்குப் போய்க் கட்டையை எடுத்து, பூனையின் மண்டையில் ஒரே போடாகப் போட்டது. அவன் யோசித்துச் செய்யவில்லை. எங்கள் கரையில் பூனை படகேறினால் கட்டை இறங்கும். விரல் வேண்டும் என்பவன் வேறென்ன செய்வான்?

மூன்று பேரும் செத்த பூனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஸ்கிப்பர்," என்றாள் கான்செப்டா மெதுவாக, "அதைக் கொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். பூனைக்குத் தெரியுமா?"

டிரைஃபீனாவுக்கு வந்தது பாருங்கள் கோபம். "மூளை இருக்காடா உனக்கு? எதைக் காட்ட வந்தமோ அதை அடிச்சுக் கொன்னுட்டு நிக்கற! இழுவைக்காரனுக்கு நீயே வெத்தலை பாக்கு வச்சு அழைச்சுடு!" அவன் கையிலிருந்த கட்டையைப் பிடுங்கிக் கடலில் வீசினாள். அது மிதந்து மிதந்து பின்னால் போனது.

"அது பிர்ச் மரத்துல செஞ்சது" என்றான் கார்லண்ட்.

"போய் நீந்தி எடுத்துக்கோ."

அதற்குப் பிறகு பூனைகளுக்கு என்ன தோன்றியதோ, வரிசையாக வந்தன. கார்லண்ட் கையில் கத்தியோடு நின்றான். பூனை விளிம்புக்கு வந்ததும் நூலை அறுத்துத் தண்ணீருக்குள் விட்டான். ஒவ்வொரு முறையும் அவன் இன்னொரு கை கட்டை இருந்த இடத்துக்குப் போய்த் திரும்பியதை டிரைஃபீனா பார்த்தாள். ஒன்று நீலப் பூனை, தொட்டால் கூழாகத் தளதளக்கிற ஜாதி. அதைப் பார்த்ததும் கான்செப்டா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். அந்த ஜாதிதான் எல்லாவற்றிலும் குறைந்து போனதாம். எத்தனையோ வருஷமாக ஆராய்ச்சிக் கப்பலில் போய் வலை போட்டும் அவள் பார்த்தது செத்ததுகளைத்தானாம்.

"போதும் ஸ்கிப்பர். இதுக்கு மேல சாட்சியே வேண்டாம். இழுவை இங்க வராது." அவள் கண் கலங்கியிருந்தது. "ஆபீஸுக்கு இப்பவே சொல்லிடறேன்." சாட்டிலைட் போனை எடுத்துக்கொண்டு சுக்கான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிரைஃபீனா மூச்சை விட்டாள். அந்த வாரத்திலேயே முதல் தடவையாக ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். வந்துவிட்டது. இழுவை இல்லை, ஆல்பர்ட்டா இல்லை. குளிர்காலத்துக்கு விறகு வெட்டலாம். தம்பி தன் எதிர் வீட்டிலேயே கிடந்து அவள் உயிரை வாங்கலாம். கார்லண்ட் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். ஆல்பர்ட்டாவுக்குப் போவதற்கு முன்னால் அவன் சிரித்த சிரிப்பு அது.

"மிச்சக் கயிறையும் ஏத்திட்டுக் கெளம்பலாம். எழுந்திரு" என்றான்.

கடைசித் துண்டுக் கயிறு ஏறிக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது. கொக்கியில் இரை இல்லை. ஒரு முட்டைக்கோஸ் அளவுக்கு, வெளிர் மஞ்சளாக, ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பாசி என்று நினைத்து உதறப் போனவள், கைக்கு வந்ததும் நிறுத்தினாள். பட்டாணி பட்டாணியாக ஒன்றோடொன்று ஒட்டின முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளி. கண்கள். உற்றுப் பார்த்தால் உள்ளே அசைந்தது.

கார்லண்ட் வின்ச்சை நிறுத்தினான். சுக்கான் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் கான்செப்டா முதுகைக் காட்டிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி, போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"போட்டுடு" என்றான் அவன், உதடு அசையாமல். "டிரைஃபி. தண்ணியில போட்டுடு."

"இதுக்கு உசிரு இருக்குடா."

"அதனாலதான் சொல்றேன், போட்டுடு. அதுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. யாருக்கும் நட்டமில்ல."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளைப் படுத்தியது. கையைத் திறந்தால் முட்டைகள் அடிக்குப் போகும். இழுவை எப்படியும் வராது. இவர்கள் தூண்டில் இருக்கும், படகு இருக்கும், தம்பி இருப்பான். ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னால் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வதுதான். அவள் விளிம்புவரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். அந்தக் குட்டிப் படகில் நடக்க எங்கே இடம்?

அடியில் ஒருவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். பட்டினியாகச் சுற்றிப் படுத்திருந்தவன். இவர்களுடைய கொக்கி நடுவில் இறங்கிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்னும் எத்தனை இடத்தில் இப்படிப் பிடுங்கியதோ, உதறி விட்டார்களோ, பாசி என்று நினைத்து. இழுவை ஒரே நாளில் செய்வதை இவர்கள் கொக்கி கொக்கியாகச் செய்திருக்கிறார்கள். 'நாங்க தூண்டில்காரங்க, நாங்க கடலுக்குக் கெடுதல் பண்ணல' என்று ஹாலில் எத்தனை முறை மார்தட்டியிருக்கிறாள்!

இன்னொன்றும் அவளை விடவில்லை. இத்தனை வருஷம் போனில் ஒன்றும் இல்லை என்று சொன்னாள். தெரியாமல் சொன்னது, அதில் பாவமில்லை. சாயங்காலம் கான்செப்டா கேட்பாள், வேறு ஏதாவது வந்ததா என்று. இன்றைக்கு இல்லை என்றால் அது பொய். அவள் சொல்லப் போகிற முதல் பொய்.

"நான் அங்க மறுபடி போக மாட்டேன்" என்றான் கார்லண்ட். "உனக்குத் தெரியும்ல? அந்த முகாம்ல நான் எப்படி இருந்தேன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா?"

தம்பிக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கான்செப்டா! இங்க வாம்மா! சீக்கிரம் வா!"

கான்செப்டா சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள். டிரைஃபீனாவின் கையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பக்கத்தில் வந்தாள், குனிந்தாள், தொடவில்லை. பிறகு நிமிர்ந்தாள்.

"இதை நான் பாக்கலன்னு என்னால சொல்ல முடியாது, டிரைஃபி."

"பாக்கத்தானே கூப்பிட்டேன்."

"உங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுதானே?"

"படத்தை எடும்மா. அதுக்குக் குளிருது, எனக்கும் கை மரத்துப்போச்சு."

கான்செப்டா ஒரு வாளியில் கடல் தண்ணீர் மொண்டு, முட்டைகளை அதில் மிதக்க விட்டுப் படம் எடுத்தாள். இடத்தைக் குறித்துக்கொண்டாள். பிறகு டிரைஃபீனாவே வாளியை விளிம்புக்கு மேல் சாய்த்தாள். மஞ்சள் உருண்டை கீழே போனது, மங்கியது, காணாமல் போனது.

"அடியில இருக்கறவன் தேடிக் கண்டுபிடிப்பானா?" என்று கேட்டாள்.

"தெரியல" என்றாள் கான்செப்டா.

கார்லண்ட் அவர்கள் பக்கமே திரும்பவில்லை. வின்ச்சை மறுபடி ஓட விட்டான். மிச்சம் கொஞ்சம் கயிறுதான். வெறும் கொக்கிகள் வந்தன, எல்லாவற்றையும் கழற்றித் தொட்டியில் போட்டான். கடைசிக்கு முந்தின கொக்கியில் ஒரு பூனை தொங்கியது. பெரியது, கிழட்டுப் பூனை, பல்லெல்லாம் தேய்ந்திருந்தது. அது தலையைத் திருப்பி அவன் கையுறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. டிரைஃபீனா ஓடினாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். திட்டவில்லை, உதறவில்லை. கையை மட்டும் மெதுவாக வெளியே உருவிக்கொண்டு, கையுறையோடு பூனையைத் தண்ணீர்வரை இறக்கி, நூலை அறுத்தான்.

"போ" என்றான் அதனிடம். "வீடு உனக்குத்தான். நல்லா இரு."

பிறகு கயிற்றின் முனையை ஏற்றிக் கட்டினான்.